சின்ன விமானத்துக்கு எந்த எஞ்சின்? லைகோமிங், ரோட்டாக்ஸ், டீசல், பேட்டரி

ஃப்ளையிங் கிளப்பில் நிற்கும் நான்கு இருக்கை விமானத்தின் மூக்குப் பக்கத்து மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் தாத்தா காலத்துச் சரக்காகத்தான் இருக்கும். செஸ்னா 172 முதன்முதலில் பறந்தது 1955-ல். இன்று தொழிற்சாலையிலிருந்து புதிதாக வெளிவரும் 172-ஐ இழுப்பதும் லைகோமிங் ஐஓ-360 என்ற நான்கு சிலிண்டர் எஞ்சின்தான். 5.9 லிட்டர் கொள்ளளவு, 180 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 2,700 சுற்று. காற்றாலேயே குளிர்கிறது. தீப்பொறி தருவது மேக்னெட்டோ, அதாவது எஞ்சின் சுழலும்போதே தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே செய்துகொள்ளும் கருவி. மேலே ஏற ஏற, பெட்ரோலையும் காற்றையும் எந்த அளவில் கலப்பது என்பதை விமானியே கையால் கட்டுப்படுத்த வேண்டும்.

கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் இது இத்தனை நாள் நிலைத்ததற்குக் காரணம் இருக்கிறது. மேக்னெட்டோவுக்கு பேட்டரி தயவு தேவையில்லை. மின்சாரம் மொத்தமும் போனாலும் எஞ்சின் ஓடும். நடுவில் கியர்பாக்ஸ் இல்லை. 2,000 மணி நேரத்துக்கு ஒருமுறை ஓவர்ஹால் (முழுதாகப் பிரித்துச் செப்பனிடுவது), அதைச் செய்யத் தெரிந்த மெக்கானிக் எந்த நாட்டிலும் கிடைப்பார். இதன் தலைவலி எஞ்சினில் இல்லை, அது குடிக்கும் எரிபொருளில் இருக்கிறது.

100எல்எல் என்ற விமானப் பெட்ரோலின் பெயரிலேயே 'ஈயம் குறைவு' என்று இருக்கிறது. குறைவு என்பது லிட்டருக்கு அரை கிராமுக்கும் சற்று மேல். கார் பெட்ரோலில் ஈயத்தை இந்தியா 2000-லேயே நிறுத்திவிட்டது. உலகில் கடைசியாக அல்ஜீரியாவும் 2021-ல் நிறுத்தியது. வானத்தில் மட்டும் அது தொடர்கிறது. அமெரிக்காவில் இன்று காற்றில் கலக்கும் ஈயத்தில் பெரும்பங்கு இந்தச் சின்ன விமானங்களிலிருந்துதான் வருகிறது. கலிபோர்னியாவின் ரீட்-ஹில்வியூ விமான நிலையத்தைச் சுற்றி வாழும் குழந்தைகளின் இரத்த ஈய அளவை ஆராய்ந்த அறிக்கை 2021-ல் வந்தது. 2022 ஜனவரி முதல் அங்கே ஈயப் பெட்ரோல் விற்பனையே நின்றது.

சரி, ஈயமில்லாத பெட்ரோலை ஊற்றிவிட வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். அமெரிக்காவின் வடக்கு டகோட்டா பல்கலைக்கழகம் 2023-ல் தன் பயிற்சி விமானங்களை 94 ஆக்டேன் (பெட்ரோல் நேரத்துக்கு முன்பே வெடிக்காமல் தாங்கும் திறனின் அளவு) ஈயமில்லாப் பெட்ரோலுக்கு மாற்றியது. சில மாதங்களிலேயே எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் இடம் தேய்வதைக் கண்டு, அந்த அக்டோபரிலேயே பழைய பெட்ரோலுக்குத் திரும்பியது. ஆக்டேனைக் கூட்டுவதோடு வால்வு இருக்கையையும் ஈயம் காத்துவந்தது என்பது பழைய மெக்கானிக்குகளுக்குத் தெரிந்த சங்கதிதான். ஜி100யூஎல் என்ற 100 ஆக்டேன் ஈயமில்லா எரிபொருளுக்கு 2022 செப்டம்பரில் அமெரிக்க அனுமதி கிடைத்தது. விற்பனைக்கு வந்த பிறகு பெயின்ட் கறைபடுகிறது, டேங்க் ஒழுகாமல் அடைக்கும் சீலன்ட் இளகுகிறது என்று உரிமையாளர்கள் சிலர் புகார் சொன்னார்கள். எரிபொருளில் குறையில்லை, அந்த விமானங்களின் பழைய பெயின்ட்தான் காரணம் என்கிறது தயாரிப்பாளர் தரப்பு. போட்டிக்கு வந்த 100ஆர் என்ற இன்னொரு ஈயமில்லா எரிபொருள் முதலில் செஸ்னா 172-ன் குறிப்பிட்ட சில மாடல்களுக்கு மட்டும் அனுமதி பெற்றது. இந்த இரண்டையும் ஒரே டேங்கில் கலக்க அனுமதி இல்லை. ஊர் ஊராக இறங்கி எரிபொருள் நிரப்புபவருக்கு இது எவ்வளவு பெரிய தொல்லை! 2030 முடிவுக்குள் ஈயத்தை ஒழிப்பதாக அமெரிக்கா இலக்கு வைத்திருக்கிறது. பார்ப்போம்.

ஆஸ்திரியாவின் ரோட்டாக்ஸ் 912 எஞ்சினை லைகோமிங்கின் பக்கத்தில் வைத்தால் இரண்டும் வேறு வேறு நூற்றாண்டு மாதிரித் தெரியும். 1989-ல் வந்தது. 100 குதிரைத்திறன் தரும் மாடலின் கொள்ளளவு வெறும் 1.35 லிட்டர். சிலிண்டர் தலையைத் தண்ணீர் குளிர்விக்கிறது. நிமிடத்துக்கு 5,800 சுற்று சுற்றி, கியர்பாக்ஸ் வழியாக 2,400 அளவுக்குக் குறைத்து ப்ரொப்பெல்லருக்குத் தருகிறது. கலவை நெம்புகோல் கிடையாது. எடையோ லைகோமிங்கில் பாதிதான். பயண வேகத்தில் மணிக்கு 18, 19 லிட்டர் போதும். 172-க்கு 32-க்குக் குறையாது. நான்கு பேரைச் சுமக்கும் விமானத்தையும் இருவர் விமானத்தையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமில்லைதான். ஆனால் பயிற்சியில் பெரும்பாலும் உட்காருவது இரண்டே பேர்தானே.

ரோட்டாக்ஸுக்குப் பிடித்தது சாதாரண கார் பெட்ரோல். ஈயப் பெட்ரோலைக் கொடுத்தால் கியர்பாக்ஸ்வரை ஆயிலில் ஈயச் சகதி சேரும், ஆயிலை அடிக்கடி மாற்ற வேண்டும். அப்படியானால் தெருமுனை பங்க்கிலேயே வாங்கிக்கொள்ளலாமே என்றால், நம் நாட்டில் புதுச் சிக்கல். 912-க்கு எத்தனால் பத்து சதவீதம் வரைதான் அனுமதி. இந்திய பங்க்குகளில் இப்போது கிடைப்பது இருபது சதவீதம் கலந்த இ20. எத்தனால் ஈரத்தை உறிஞ்சும், சில ரப்பர் குழாய்களை அரிக்கும். காரில் அப்படி ஆனால் ஓரமாக நிறுத்திச் சரிசெய்துகொள்ளலாம். விமானத்தில் அப்படி எளிதாகச் சொல்லிவிட முடியாது. ரோட்டாக்ஸ் வாங்க நினைப்பவர் முதலில் விசாரிக்க வேண்டியது விலையை அல்ல, பெட்ரோலை.

அதனால்தான் இந்தியப் பயிற்சிப் பள்ளி என்றால் என் ஓட்டு டீசலுக்கு. டயமண்ட் டிஏ40 என்ஜி விமானத்தில் இருக்கும் ஆஸ்ட்ரோ ஏஇ300 (இதுவும் ஆஸ்திரியாதான்), மெர்சிடிஸ் ஏ-கிளாஸ் காரின் இரண்டு லிட்டர் டீசலை விமானத்துக்கு ஏற்றபடி மாற்றியது. 168 குதிரைத்திறன். குடிப்பது ஏடிஎஃப், அதாவது பெரிய ஜெட் விமானங்கள் குடிக்கும் அதே எரிபொருள். பயணிகள் விமானம் இறங்கும் எந்த நிலையத்திலும் அது இருக்கும். விமானப் பெட்ரோலோ, 2022-ல் இந்தியன் ஆயில் தன் குஜராத் சுத்திகரிப்பு ஆலையில் செய்யத் தொடங்கும்வரை முழுக்க இறக்குமதிதான். ஒரே நெம்புகோல், மற்றதைக் கணினி பார்த்துக்கொள்ளும்.

அந்த மாதிரிக் கணினியே முன்பு ஒருமுறை காலை வாரியும் விட்டது. 2007 மார்ச்சில் ஜெர்மனியின் ஸ்பையர் நகரில், டிலெர்ட் என்ற முன்னோடி நிறுவனத்தின் டீசல் எஞ்சின்கள் பொருத்திய இரட்டை எஞ்சின் டிஏ42 ஒன்று பேட்டரி இறங்கிய நிலையில் வெளி மின்சாரத்தால் ஸ்டார்ட் செய்யப்பட்டது. மேலே எழுந்து சக்கரங்களை மடக்கியபோது மின்னழுத்தம் விழுந்தது. கணினிகள் தடுமாறி இரண்டு எஞ்சினும் ஒன்றாக நின்றன. அதற்கப்புறம்தான் கணினிக்குத் தனி பேட்டரி வந்தது. மேக்னெட்டோவைக் கிண்டல் செய்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. டிலெர்ட் 2008-ல் நொடித்துப்போனது. உதிரி பாகத்துக்கு அலைந்தவர்கள் பல பேர். டீசல் எடையும் அதிகம், முதல் விலையும் அதிகம். நாள்தோறும் பறக்கும் பள்ளிக்குத்தான் அந்தப் பணம் திரும்பி வரும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பறப்பவருக்கு வராது.

மிச்சம் இருப்பது பேட்டரி. ஸ்லோவேனியாவின் பிபிஸ்ட்ரெல் செய்யும் வெலிஸ் எலெக்ட்ரோ 2020 ஜூனில் ஐரோப்பிய வகைச் சான்றிதழ் (ஒரு மாடல் பறக்கப் பாதுகாப்பானது என்ற அரசு ஒப்புதல்) பெற்ற முதல் மின்விமானம். ரோட்டாக்ஸ் எஞ்சினில் பறக்கும் இதன் அண்ணன், 'வைரஸ்' என்ற விமானம், நம் என்சிசி மாணவர்களுக்குப் பழக்கமானதே. வெலிஸின் இரண்டு பேட்டரிகளும் சேர்ந்து சுமார் 140 கிலோ, கொள்வது 24.8 கிலோவாட் மணி. வெப்பக் கணக்கில் பார்த்தால் அது மூன்று லிட்டர் பெட்ரோலுக்கும் குறைவு. மோட்டார் வீணடிப்பது கொஞ்சம்தான் என்பதால் எட்டு, ஒன்பது லிட்டர் எரித்த வேலையை வாங்கிவிடலாம். ஆக ஐம்பது நிமிடம், அதற்கு மேல் அவசரத்துக்கு மட்டும். ஓடுபாதையைச் சுற்றிச் சுற்றி வந்து இறங்கிப் பழகும் சர்க்யூட் பாடத்துக்கு அது தாராளம். பக்கத்து வீட்டுக்காரருக்குச் சத்தமும் குறைவு. மாணவர் முதன்முதலாக இன்னொரு ஊருக்குப் பறக்க வேண்டிய நாளன்று, அதே கொட்டகையிலிருந்து ரோட்டாக்ஸ் அண்ணனைத்தான் வெளியே தள்ளிக்கொண்டு வர வேண்டும்.