ஈறு நோய்க்கு லேசரா, ஆழச் சுத்தமா, அறுவையா?

மெல்லிய அளவுக் கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே இறக்கி, பல்லுக்கு ஆறு இடமாக "3, 3, 5" என்று பல் டாக்டர் சொல்லிக்கொண்டே போவார். அந்த எண்களை வைத்துத்தான் எந்தச் சிகிச்சை என்று பேசவே முடியும். 3 மில்லிமீட்டர் வரை கவலையில்லை. அதற்கு மேல் ஏறினால், ஈறு பல்லை விட்டு விலகி இடையில் பை விழுந்திருக்கிறது. பெரும்பாலும் அதன் அடியில் வேரோடு காரை, அதாவது கல்லாக இறுகிய பல் அழுக்கு, கெட்டியாக ஒட்டியிருக்கும்.

மரக்க ஊசி போட்டு அந்தக் காரையைச் சுரண்டி எடுப்பதுதான் ஆழச் சுத்தம், அதாவது ஸ்கேலிங்கும் ரூட் பிளானிங்கும். நிறைய பேருக்கு இதுவே போதும். "கூடவே லேசரும் வைத்துவிடலாம்" என்று சொன்னால் எந்த லேசர் என்று கேளுங்கள். கிளினிக்குகளில் அதிகம் இருப்பது டையோட் லேசர். அது பையின் உட்சதையையும் கிருமிகளையும் சுடும், காரையைப் பெயர்க்காது. எர்பியம் வகை லேசருக்குத்தான் அந்த வேலை தெரியும். ஆழச் சுத்தத்தோடு லேசரையும் சேர்ப்பதை அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2015இலும், ஐரோப்பிய ஈறு மருத்துவக் கூட்டமைப்பு 2020இலும் பரிந்துரைக்கவில்லை. அந்தக் கூடுதல் செலவு தேவையில்லை என்பதே என் கருத்து.

சுத்தம் செய்து இரண்டு மூன்று மாதம் கழித்தும் 6, 7 என்று எண் நின்றால்தான் அறுவைக்கும் லேசருக்கும் உண்மையான போட்டி. ஃபிளாப் அறுவையில் ஈறைக் கீறி விலக்கி, வேரையும் எலும்பையும் கண்ணால் பார்த்தே சுத்தம் செய்கிறார்கள். எலும்புக் குழி ஆழமாக இருந்தால் இதுதான் நம்பகமான வழி. ஆனால் தையல் உண்டு, வீக்கம் உண்டு. அப்புறம் ஈறு இறங்கிப் பல் நீண்டு தெரியும், குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசும்.

இதற்கு மாற்றாக வருவது லானாப். 1064 நானோமீட்டர் அலைநீள என்டி-யாக் லேசரைக் கத்தியில்லாமல் பைக்குள் விட்டுச் செய்யும் முறை. மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் அனுமதிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏ இதை 2004இல் அனுமதித்தது. ரத்தமும் வலியும் குறைவு, ஈறு இறங்குவதும் குறைவு. கத்திக்குப் பயந்து வைத்தியத்தையே தள்ளிப்போடுகிறவர்களுக்கு இது பெரிய ஆறுதல். அவர்கள் இதைக் கேட்பதில் தவறே இல்லை. ஆனால் இதிலும் காரையைக் கருவியால்தான் எடுக்கிறார்கள். லேசர் அதற்கு முன்னும் பின்னும் வருகிறது. அறுவையை விடப் பையை அதிகம் குறைக்கும் என்று நம்பிப் போக வேண்டாம்.

எதைச் செய்துகொண்டாலும் முதல் நாள் எழுதிய எண்களுக்கு ஒரு பிரதி வாங்கி வையுங்கள். சிகிச்சை முடிந்து மறுபடி அளக்கும்போது அதே பல்லில் அதே இடத்தில் என்ன எண் வருகிறது என்று பாருங்கள்.