வாய் திறக்காத பிஎம்எஸ்: வீட்டில் செய்த சைக்கிள் பேட்டரி அனுபவம்

"உன் எலக்ட்ரிக் சைக்கிளுக்குப் பண்ண மாதிரியே எனக்கும் ஒரு பேட்டரி பண்ணிக் கொடுடா, செல்லுக்குக் காசு நான் தர்றேன்" என்று ஆபீஸ் நண்பன் கேட்டான். பதில் சொல்ல ஆரம்பித்துப் பாதியிலேயே எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவன் மேல் இல்லை. பேட்டரி பேக்குக்குள் குந்தியிருக்கும் பிஎம்எஸ் போர்டின் மேல், அதாவது செல்களைக் கண்காணித்து, ஆபத்தென்றால் கரண்டை வெட்டிவிடும் சர்க்யூட்டின் மேல். சமீபத்தில்தான் பேக்கைப் பிரித்து ரிப்பேர் செய்தேன், சூடு ஆறவில்லை. எழுதியே விடுகிறேன்.

நான்கு நான்காகப் பக்க இணைப்பில் சேர்த்த 13 குரூப், அவை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில், ஆக 52 செல். எல்லாம் 2600 எம்ஏஎச் கொள்ளளவுள்ள, 18650 என்ற உருளை வடிவ லித்தியம் செல். பின்சக்கரத்தின் நடுவிலேயே உட்கார்ந்திருக்கும் 250 வாட் ஹப் மோட்டார். பெங்களூரில் மர்பி டவுனிலிருந்து கோரமங்களா போய் வரத் தாராளமாகப் போதும். 500 வாட் போடச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். 250 வாட்டையும் 25 கிலோமீட்டர் வேகத்தையும் தாண்டினால் நம்பர் பிளேட், லைசென்ஸ் என்று கதை நீளும். எனக்கு வேண்டாம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். செல்கள் தங்கம். லித்தியத்துக்குச் சூடுதான் எமன். அந்த வகையில் பெங்களூர் வெயில் கருணையுள்ளது. எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில், செல்களை இணைக்க வாங்கிய நிக்கல் பட்டையும் அசல்தான். நிக்கல் முலாம் பூசிய இரும்பை அதே பளபளப்போடு தள்ளிவிடுவார்கள். காந்தம் வைத்துப் பார்த்துப் பயனில்லை, நிக்கலும் ஒட்டும். பட்டையை நன்றாகக் கீறி உப்புத் தண்ணீரில் ஓரிரு நாள் போட்டு வைத்தால் இரும்பு துருவைக் காட்டிக் கொடுத்துவிடும்.

இனி வயிற்றெரிச்சல். சில மாதங்களாக டொம்ளூர் மேம்பாலம் ஏறும்போது சைக்கிள் பொசுக்கென்று அணைந்துவிடும். மீட்டரில் காற்பங்குக்கு மேல் சார்ஜ் காட்டும். பின்னால் ஹாரன் சத்தம், நான் ஓரமாக உருட்டிக்கொண்டு நிற்பேன். கொஞ்ச நேரம் கழித்து ஆன் செய்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். வீட்டுக்கு வந்து சார்ஜ் போட்டு மல்டிமீட்டர் வைத்தால் 13 குரூப்பும் முழு சார்ஜுக்கான 4.2 வோல்ட் பக்கத்தில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். யாரைச் சந்தேகப்படுவது?

நியாயமாகப் பார்த்தால் பிஎம்எஸ் தன் வேலையைத்தான் செய்தது. 13 குரூப்பில் எது ஒன்று அடிமட்டத்துக்கு இறங்கினாலும் மொத்தத்தையும் வெட்டிவிட வேண்டும், அதற்குத்தான் அதை வைப்பது. வெட்டியிருக்காவிட்டால் அந்தக் குரூப் செத்திருக்கும். ஆனால் எந்தக் குரூப், எவ்வளவு வோல்ட், ஏன் என்று ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? ஒரு விளக்கு இல்லை, ஒரு பீப் இல்லை. குடும்பத்தில் ஒருவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு "ஒண்ணுமில்ல" என்பாரே, அந்த ரகம்.

கடைசியில் கண்டுபிடித்துக் கொடுத்தது பல்புகள். காரில் போடும் 12 வோல்ட் 55 வாட் ஹாலஜன் பல்பு நான்கைத் தொடராகக் கட்டி பேக்கில் மாட்டினேன். முழு சார்ஜில் பேக் 54.6 வோல்ட், பல்புக்கு 13.65, கார் ஓடும்போதும் கிட்டத்தட்ட அதே அளவுதான் கிடைக்கும், பல்பு தாங்கும். நாலரை ஆம்பியர் சுமாராக இழுக்கும். தரையில் மொசைக் மேல் வைத்து, எரியக்கூடிய எதையும் கிட்டே விடாமல், பக்கத்திலேயே உட்கார்ந்து, பிஎம்எஸ்ஸுக்குப் போகும் மெல்லிய வயர்களின் கனெக்டரில் ஒவ்வொரு குரூப்பாக அளந்தேன். முதல் ஒரு மணி நேரம் பெரிய வித்தியாசமே இல்லை. கடைசிக் கட்டத்தில்தான் ஒன்பதாவது குரூப் மட்டும் சரசரவென்று சரிந்தது. மற்றவை மூன்றரை வோல்ட்டில் நிற்க, இது மூன்றுக்குக் கீழே.

பிரித்தால், அந்தக் குரூப்பில் ஒரே ஒரு செல்லின் மேல் பக்க வெல்டிங் விட்டிருந்தது. நம் ரோட்டுப் பள்ளங்களில் குலுங்கிக் குலுங்கி விட்டிருக்க வேண்டும். பட்டை செல்லைத் தொடுகிற மாதிரியே இருக்கும், ஆனால் தொடாது. அதனால் பட்டையில் அளக்காமல், செல்லின் தலையிலேயே முள்ளை வைத்து அளக்க வேண்டும். நாலு பேர் சுமப்பதை மூன்று பேர் சுமந்தால் அந்தக் குரூப் முக்கால் கொள்ளளவுதான். தொடராக இருப்பதால் மீதி 12 குரூப்பும் அதற்கு மேல் கொடுக்க வழியில்லை. 52 செல்லில் ஒன்று விலகினால் இழப்பு 52இல் ஒரு பங்கு அல்ல, காற்பங்கு! இது புரிந்தபோது கோபத்தோடு ஒரு சந்தோஷமும் வந்தது, அதை மறைக்க மாட்டேன்.

பிரிந்த செல்லை அப்படியே திரும்ப வெல்டு பண்ணிவிடக் கூடாது. அது விலகிய நாளின் வோல்டேஜில் நிற்கும், கூட்டாளிகள் காலியாகக் கிடப்பார்கள். சேர்த்த நொடியில் கரண்ட் பாய்ந்து சுட்டுவிடும். மூன்றையும் அதே வோல்டேஜுக்கு ஏற்றிய பிறகுதான் சேர்த்தேன். பேக்குக்கு அடியில் தடித்த ரப்பர் ஷீட்டும் போட்டாயிற்று.

பராமரிப்பில் இன்னொரு குடைச்சல். தினமும் சார்ஜை 4.1 வோல்ட்டில் நிறுத்தினால் செல்லுக்கு ஆயுள் கூடும். ஆனால் என் போர்டு 4.2 நெருங்கினால்தான் குரூப்புகளைச் சமன் செய்யத் தொடங்கும், அதுவும் 50 மில்லி ஆம்பியரில். ஒரு ஆம்பியர்-அவர் வித்தியாசத்தைச் சரிக்கட்ட 20 மணி நேரம். ஆயுளா, சமனா? மாதத்துக்கு ஒருமுறை மட்டும் முழு சார்ஜ் என்று சமாதானமாகிவிட்டேன். இரவில் சார்ஜ் கிடையாது. 2022இல் மின் ஸ்கூட்டர்கள் அடுத்தடுத்துத் தீப்பிடித்த செய்திகளைப் பார்த்ததிலிருந்து வீட்டு ஓனரம்மாவுக்கு என் பேட்டரி என்றாலே கலக்கம். மாடிப்படிக்குக் கீழே சார்ஜ் போடக்கூடாது என்று அவர் சொன்னது சரிதான், தீப்பிடித்தால் எல்லோரும் இறங்கி ஓடுகிற வழி அதுதானே.

சரி, நண்பனுக்கு என்ன பதில்? இப்போது வாரண்டியோடு வரும் ரெடிமேட் பேக் விலை இறங்கியிருக்கிறது. செல், பட்டை, போர்டு, சார்ஜர் எல்லாம் கூட்டினால் பெரிதாக மிச்சமில்லை. கடையில் வாங்கு. இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்கிறேனே என்றால், இன்றைக்கு என் மனநிலை அப்படி. ஆனால் என் பேக்கை மட்டும் யார் கேட்டாலும் விற்கமாட்டேன். போர்டை மாற்றப்போகிறேன், போனிலேயே குரூப் வோல்டேஜ் காட்டும் ப்ளூடூத் வகை.

அதற்குப் பிறகும் பிடிவாதம் பிடித்தானானால், ஞாயிற்றுக்கிழமை செல்லோடு அவனே வரட்டும். வெல்டிங் மெஷின் என்னுடையது, வெல்டு அடிப்பது அவன். வரும்போது நாலு ஹாலஜன் பல்பும் வாங்கி வரட்டும்.