‘கையால் பொறுக்கிய’ பெல்லட் வாங்கும் முன் டப்பாவின் அடியைத் திருப்பிப் பாருங்கள்

கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் பிள்ளைகளை ஏர் பிஸ்டல் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். கோவையில் ஒரு விளையாட்டுப் பொருள் கடையில், போட்டிக்கென்றே கையால் பொறுக்கி, எடை பார்த்து, தாங்களே நிரப்பியது என்று சொல்லி ஈயக் குண்டு (பெல்லட்) டப்பாக்களை விற்கிறார்கள். நிறுவனம் மூடி அனுப்பும் வெளிநாட்டு டப்பாவைவிட ஏறக்குறைய இரு மடங்கு விலை. உள்ளே இருப்பது கழிவுச் சரக்கு. புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை.

இந்தப் பேச்சு எடுபடுவதற்குக் காரணம் இருக்கிறது. வெளிநாடுகளில் பிஸ்டல் போட்டிக்காரர்கள் பலர் தங்கள் தோட்டாவைத் தாங்களே வெடிமருந்து நிரப்பித் தயாரிக்கிறார்கள். இங்கே 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். காற்றுத் துப்பாக்கியில் மருந்துக்கே வேலை இல்லை, 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டை நல்லதாகத் தேர்ந்தெடுப்பது ஒன்றுதான் நம் கையில் இருக்கிறது. 2024 பாரீஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் வெண்கலம் வென்ற பிறகு பயிற்சி நிலையம் தேடி வரும் பெற்றோர் கூடியிருக்கிறார்கள். கடைக்காரருக்கும் அது தெரியும்.

என் மகளுக்கு நடந்ததைச் சொல்கிறேன். போட்டியில் 60 குண்டுகளை 75 நிமிடத்தில் சுட வேண்டும். குண்டு ஒன்றுக்கு 75 விநாடி. அதற்குள் நெம்புகோலைத் திறந்து, குழாயின் பின்வாயில் குண்டைக் கட்டைவிரலால் அழுத்தி, மூடி, கையைத் தூக்கி, மூச்சை அடக்கிச் சுட வேண்டும். நல்ல குண்டு ஒரே அழுத்தில் உட்கார்ந்துவிடும். அவளுக்கு வந்த குண்டுகளில் சில வாயிலேயே முரண்டு பிடித்தன. சில பிடிப்பே இல்லாமல் உள்ளே நழுவின. முரண்டு பிடித்ததை அழுத்தித் தள்ளியபோது ஈயம் மயிரிழையாகச் சீவிக்கொண்டு பின்வாயின் ரப்பர் வளையத்தில் சிக்கியது. காற்று கசிய ஆரம்பித்தது.

பயிற்சியாளர் அவளுடைய பிடியைக் குறை சொன்னார். அவளும் தன் கைதான் சரியில்லை என்று நம்பிவிட்டாள். “எனக்கு வராதுப்பா” என்று அவள் சொன்னதற்கு அந்தக் கடைக்காரர் எத்தனை டப்பா திருப்பிக் கொடுத்தாலும் ஈடாகாது.

கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் என் மைத்துனர்தான் முதலில் சந்தேகப்பட்டார். பிஸ்டலை மரக்கட்டைகளுக்கு நடுவே அசையாமல் பிடித்து அட்டையில் சுட்டுப் பார்த்தோம். இந்தக் குண்டுகளின் தலை தட்டையாக இருப்பதே அட்டையில் வட்டத் துளையைச் சுத்தமாக வெட்டத்தான். எங்கள் அட்டையில் பாதித் துளைகள் ஓரம் கிழிந்து, ஒன்றுக்கொன்று விலகிக் கிடந்தன. பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 11.5 மில்லிமீட்டர், அதற்கு வெளியே ஒவ்வொரு வளையமும் 8 மில்லிமீட்டர் அகலம். கை படாமல் சுட்டே எட்டுக்கும் ஒன்பதுக்கும் போனால் பிள்ளை என்ன செய்வாள்?

பிறகு நுண் அளவு பார்க்கும் மைக்ரோமீட்டரை எடுத்தார். ஈயம் மெத்து, அதன் திருகான ராட்செட்டை ஒரு சொடுக்குக்கு மேல் திருப்பினால் அளக்கும் குண்டே நசுங்கிவிடும். டப்பாவில் தலை அளவு 4.50 மில்லிமீட்டர் என்று போட்டிருந்தது. குண்டுகளின் தலையோ 4.46 முதல் 4.53 வரை இஷ்டத்துக்கு இருந்தது. நகைப் பட்டறைத் தராசில் வைத்தபோது ஒன்று 0.46 கிராம், பக்கத்தில் இருந்தது 0.51. காற்றழுத்தம் மாறாதபோது எடை கூடினால் வேகம் குறையும். குண்டு தாழ்ந்து போகும். பின்புற மெல்லிய விளிம்பு பலவற்றில் நெளிந்திருந்தது. காற்று அந்த விளிம்பை விரித்துத்தான் குழாயோடு அடைக்கிறது. நெளிந்தால் அடைப்பும் இல்லை, நேரும் இல்லை. சிலவற்றில் வெள்ளையாகப் பொடி பூத்திருந்தது. ஈரத்தில் கிடந்த பழைய ஈயம் அது.

டப்பாவின் மேல்தாளை வெந்நீரில் ஊறவைத்து உரித்தால் அடியில் இன்னொரு தாள். பயிற்சிக்கு விற்கும் மலிவு வகையின் பெயர் அதில் இருந்தது.

டப்பாக்களோடு கடைக்குப் போனேன். “பாப்பா கை இன்னும் பழகவில்லைங்க அண்ணா. ஈயத்தில் என்னங்க பேதம்?” என்றார். பேதம் இல்லையென்றால் இரு மடங்கு விலை எதற்கு என்று கேட்டேன். திறந்த டப்பாவைத் திரும்ப எடுக்க முடியாது என்றார். எனக்கு முன்பே அதைத் திறந்தவர் அவர்தான்.

ஆகவே, யார் எவ்வளவு இனிக்கப் பேசினாலும் கடையில் நிரப்பிய டப்பா வேண்டாம். வெளிநாட்டுச் சரக்கென்றால் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, அதிகபட்ச விலை மூன்றும் டப்பாவில் அச்சாகியிருக்க வேண்டும். 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. தலை அளவும் தயாரிப்புத் தொகுதி எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். 4.49 நல்லதா 4.50 நல்லதா என்று என்னைக் கேட்காதீர்கள். ஒவ்வொரு குழாய்க்கும் ஒவ்வொன்று பிடிக்கும். இரண்டிலும் ஒவ்வொரு டப்பா வாங்கி, பிஸ்டலை அசையாமல் பிடித்துச் சுட்டு, துளைகள் நெருங்கி விழும் தொகுதியையே மொத்தமாக வாங்குங்கள். போட்டிக்கு முந்தைய நாள் புதுத் தொகுதியைப் பிரிக்காதீர்கள். இன்னொன்று: சில பிள்ளைகள் குண்டைப் பல்லிடுக்கில் கவ்விக்கொண்டு சுடுகிறார்கள். அது ஈயம், விஷம். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள்.

என் ரசீதில் ‘விளையாட்டுப் பொருட்கள்’ என்று மட்டும்தான் எழுதிக் கொடுத்திருந்தார்கள். பொருளின் பெயர், வகை, எண்ணிக்கையை எழுதி வாங்குங்கள். பணம் கட்டிய கைபேசிப் பதிவை வைத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்திருக்கிறேன். அங்கே தீராவிட்டால் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்குக் கட்டணம் கிடையாது. இதே சரக்கை வாங்கி ஏமாந்தவர்கள் காலி டப்பாவைக்கூட எறிந்துவிடாதீர்கள். ஆணையத்தில் புகார் செய்ய இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது.