பழைய ஏசியோடு வீடு விற்கும்போது: கேஸ் அடிப்பதா, கழற்றுவதா, புதிது பூட்டுவதா, சொல்லி விற்பதா?

கல்லடி, காத்தான்குடி, கல்முனை என்று கடலோரத்தில் வீடு விலைக்கு வந்தால், சுவரில் இருக்கும் பத்து வயது ஏசியை என்ன செய்வது என்ற கேள்வியும் கூடவே வரும்.

வீடு பார்க்க ஆட்கள் வருமுன் ஏசிக்குக் குளிரூட்டும் கேஸ் அடித்து வைப்பவர்களே அதிகம். இருக்கிற வழிகளில் மோசமானது இதுதான். கேஸ் என்பது பெற்றோலைப் போல எரிந்து தீர்வதில்லை; மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றுவது. குறைந்திருந்தால் எங்கோ லீக் இருக்கிறது. வெளி யூனிட்டைக் குனிந்து பாருங்கள்: உப்புக் காற்று தின்ற அலுமினியத் தகடுகள் விரல் பட்டதும் வெள்ளைப் பொடியாக உதிரும். செப்புக் குழாய் நட்டுகளைச் சுற்றி எண்ணெய்க் கறை இருந்தால் அங்கே சவர்க்கார நுரையைத் தடவுங்கள். லீக் என்றால் குமிழி எழும். அதை அடைக்காமல் அடித்த கேஸ் மறுபடி இறங்கும். கம்பிரசர் மோட்டாரைக் குளிர்விப்பதும் அதே கேஸ்தான் என்பதால், குறைந்த கேஸில் ஓடி ஓடி அதுவும் எரியும். வெக்கையான கச்சான் காற்று வீசும் மாதத்தில் வாங்கியவர் உங்களைத் தேடி வருவார்.

அப்போது சட்டமும் அவர் பக்கம் சாயலாம். இலங்கையில் வீடு, காணி விற்பனைக்கு ரோம-டச்சுச் சட்டமே அடிப்படை. தெரிந்த குறையை மறைத்தவரை ஒப்பந்தத்தில் எழுதும் 'உள்ளது உள்ளபடி' என்ற வாசகம் காப்பாற்றாது.

சொல்லி விற்பதையே நாங்கள் பரிந்துரைக்கிறோம். செலவும் அதிகமில்லை. ஏசியை மிகக் குறைந்த வெப்பநிலையில் 15 நிமிடம் ஓடவிட்டு, உள்ளிழுக்கும் காற்றையும் வெளிவரும் காற்றையும் தெர்மோமீட்டரால் அளக்கவும். 8 முதல் 12 பாகை வித்தியாசம் நல்லது. மாரியில் ஈரப்பதத்தால் கொஞ்சம் குறையும். வயரைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரில் வரும் அம்பியரை வெளி யூனிட் பிளேட்டில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். பூட்டிய ஆண்டு, பிடியூ (குளிரூட்டும் திறன்), கேஸ் வகை, கடைசி சேர்விஸ், தெரிந்த குறை எல்லாவற்றையும் விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதி, வாங்குபவரிடம் கையொப்பம் வாங்குங்கள். பிளேட்டில் ஆர்22 என்ற பழைய கேஸ் வகை இருந்தால் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஓசோன் படலத்தைக் காக்கும் மொன்றியல் உடன்படிக்கைப்படி அந்த கேஸ் 2030-க்குள் ஏறக்குறைய முற்றாக நிறுத்தப்படுகிறது.

புதிது பூட்டுவது, பழையது ஓடவே ஓடாது என்றால் மட்டும். போட்ட காசு வீட்டு விலையில் அப்படியே திரும்புவது அரிது. செலவைக் குறைக்க ஆர்22 ஓடிய பழைய குழாயிலேயே, ஆர்32 என்ற புதிய கேஸில் ஓடும் இன்வேர்ட்டர் ஏசியைப் பூட்டுவது பிழை: உள்ளே தங்கிய பழைய எண்ணெய் புதிய கம்பிரசருக்கு ஆகாது. குழாயையும் மாற்றி, வக்கூம் பம்ப் போட்டு உள்ளிருக்கும் காற்றை எடுத்தபின்தான் கேஸைத் திறக்க வேண்டும்.

கழற்றி எடுப்பதென்றால் அட்வான்ஸ் வாங்குமுன்பே சொல்லிவிடுங்கள். கூலிங்கில் ஓடவிட்டு மெல்லிய குழாயின் வால்வை அலன் கீயால் மூடி, கேஸ் அழுத்தத்தைக் காட்டும் கேஜ் சுழியத்தை நெருங்கியதும் தடித்த குழாயின் வால்வையும் மூடி, உடனே சுவிட்சை நிறுத்தினால் கேஸ் வெளி யூனிட்டுக்குள் அடங்கும். குழாய் கழன்ற நிலையில் ஓடவிட்டால் காற்றை இழுத்துக் கம்பிரசர் வெடிக்கக்கூடும். சுவர்த் துளையைச் சீமெந்தால் அடைத்து, வயர் நுனிகளை மூடிய பெட்டிக்குள் வைத்துவிட்டுச் சாவியைக் கொடுங்கள்.