கண்ணுக்குள் சிப்: மூன்று வழிகளில் எது யாருக்கு?

"சிப் வெச்சா பார்வை வந்துருமாமே?" மேலூரிலும் உசிலம்பட்டியிலும் பார்வை போன ஒருவர் இருக்கிற வீட்டில் இந்தக் கேள்வி எழாமல் இருக்காது. சிப் என்று பொதுவாகச் சொல்வது உண்மையில் மூன்று வெவ்வேறு கருவிகள். ஒன்று பொருந்துகிற ஆளுக்கு இன்னொன்று பொருந்தாது. விலையைக் கேட்பதற்கு முன்னால், கண்ணில் எந்தப் பகுதி பழுது என்று தெரிய வேண்டும்.

முதலில் ஆர்கஸ் 2. ஆர்.பி. (ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா) என்று டாக்டர்கள் சொல்லும் விழித்திரை நோய்க்காக அமெரிக்காவின் செகண்ட் சைட் நிறுவனம் செய்தது. ஆர்.பி. பரம்பரையாக வருவது, சொந்தத்துக்குள் பெண் எடுத்துப் பெண் கொடுக்கிற நம் ஊர்களில் இதைத் தெரிந்துவைத்திருப்பது அவசியம். இதில் ஒளியை உணரும் செல்கள் அழிந்தாலும், அதற்குப் பின்னால் மூளைக்குச் செய்தி கொண்டுபோகும் நரம்புச் செல்கள் ஓரளவு பிழைத்திருக்கும். அவற்றைத் தூண்ட விழித்திரையின் மேல் 60 மின்முனைகள் கொண்ட தகடு. கண்ணாடியில் கேமரா, இடுப்பில் கணினிப் பெட்டி. 2013-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அப்போது விலை சுமார் 1,50,000 டாலர், இன்றைய கணக்கில் ஒரு கோடி ரூபாய்க்கு மேல். அறுவைச் சிகிச்சைச் செலவு தனி. கிடைத்தது என்ன? வெளிச்சப் புள்ளிகள். வாசல் எங்கே, ஜன்னல் எங்கே, எதிரே ஆள் நிற்கிறாரா என்று தலையைத் திருப்பித் திருப்பித் தேடிக் கண்டுபிடிக்கலாம். முகம் தெரியாது.

அதைவிட என்னை வருத்துவது பின்னால் நடந்தது. 2019-ல் அந்த நிறுவனம் இந்தக் கருவியைக் கைவிட்டது, அடுத்த ஆண்டு திவாலாகும் நிலைக்கு வந்தது. உலகம் முழுக்க 350 பேருக்கு மேல் பொருத்திக்கொண்டிருந்தார்கள். வெளிக்கருவி பழுதானால் உதிரிபாகம் கிடையாது, பழுது பார்க்க ஆளும் கிடையாது. கண்ணுக்குள் தகடு மட்டும் அப்படியே இருக்கிறது.

இரண்டாவது பிரிமா. என் பார்வையில் மூன்றில் இதுதான் முந்துகிறது. 2 மில்லிமீட்டர் சதுரச் சில்லு (சிப்), 378 பிக்சல், விழித்திரைக்கு அடியில் வைக்கிறார்கள். கண்ணுக்குள் ஒயரும் இல்லை, பேட்டரியும் இல்லை. கண்ணாடி அனுப்பும் அகச்சிவப்பு ஒளியை அந்தச் சில்லே சூரியத் தகடு போல மின்சாரமாக்கிக்கொள்கிறது. உள்ளே பழுதாகக்கூடிய பாகங்கள் குறைவு என்பது எனக்குப் பெரிய விஷயம். 2025 அக்டோபரில் வெளியான ஐரோப்பிய ஆய்வில் 38 பேருக்குப் பொருத்தினார்கள். ஓராண்டு கழித்துச் சோதித்த 32 பேரில் 26 பேருக்குக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம். பலர் எழுத்துகளையும் சொற்களையும் படித்தார்கள், கறுப்பு வெள்ளையில், மெதுவாக, மாதக்கணக்கில் பயிற்சி எடுத்து. அறுவைச் சிகிச்சையைச் சார்ந்த கடுமையான பக்கவிளைவுகளும் பாதிப் பேருக்கு வந்தன.

ஆனால் இந்த ஆய்வு ஆர்.பி.க்கானது அல்ல. வயதானவர்களுக்கு நடுப்பார்வை மட்டும் தேய்ந்துபோகிற நோய்க்கானது. பக்கவாட்டுப் பார்வை மிச்சமிருக்கிற பாட்டி தாத்தாக்களுக்கு உரியதை, பிறந்ததிலிருந்தே பார்க்காத பிள்ளைக்குக் கேட்டுப் பயனில்லை. இதைச் செய்த பிரான்ஸ் நிறுவனமும் பணமின்றித் தள்ளாடி, 2024-ல் ஓர் அமெரிக்க நிறுவனத்தின் கைக்குப் போனது.

மூன்றாவது மூளையில் வைப்பது. கண் அழுத்த நோயான கிளாகோமாவிலோ விபத்திலோ பார்வை நரம்பே போய்விட்டால் விழித்திரையில் எதை வைத்தும் பயனில்லை. அவர்களுக்கு இருக்கும் ஒரே மின்னணு வழி இது. ஓரியன் என்ற 60 மின்முனைக் கருவியை 2018 முதல் 6 பேரிடம் சோதித்தார்கள். எலான் மஸ்க்கின் நியூராலிங்க் நிறுவனம் செய்யும் பிளைண்ட்சைட்டும் இந்த வரிசைதான். மண்டையைத் திறக்க வேண்டும், வலிப்பு வரும் ஆபத்து உண்டு. இன்னும் ஆய்வுக்கட்டம். இதற்காக இப்போதே நிலத்தை விற்கலாமா என்று யோசிப்பவர்களைக் கைகூப்பித் தடுப்பேன்.

நம் ஊருக்கு இதில் ஒரு பழைய அனுபவம் உண்டு. டாக்டர் வெங்கடசாமி 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் மருத்துவமனை, கண்புரை லென்ஸின் இறக்குமதி விலை ஏழைக்கு எட்டாதபோது 1992-ல் ஆரோலேப்பைத் தொடங்கி இங்கேயே லென்ஸ் செய்ய வைத்தது. சில்லுக்கும் அப்படி ஒரு நாள் வந்தால்தான் விலையும் இறங்கும், பழுது பார்க்க ஆளும் பக்கத்தில் இருப்பார்.

அதுவரை என்ன செய்வது? விழித்திரை டாக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: பார்வை நரம்பு நன்றாக இருக்கிறதா, முன்பு பார்த்திருக்கிறாரா, மிச்சப் பார்வை எவ்வளவு. வெள்ளைக் கோலும், திரையில் இருப்பதைத் தமிழில் வாசித்துச் சொல்லும் டாக்பேக் வசதி வைத்த செல்போனும் இன்றைக்கே கையில் கிடைப்பவை. பஸ் நம்பரை ஆர்கஸ் படித்துச் சொல்லாது. எழுத்தைப் படிக்கும் செயலி இருந்தால் செல்போன் கேமரா சொல்லும். அந்தப் பயிற்சியை "சிப் வரட்டும்" என்று தள்ளிப்போட வேண்டாம்.