"நிம்மதி"க்கு எத்தனை சதவீதம்?

அப்பாவுக்கு நோட்டு எழுதும் பழக்கம் உண்டு. பால் கணக்கு, சிலிண்டர் மாற்றிய தேதி, வண்டிக்குப் போட்ட பெட்ரோல் எல்லாம் பைசா சுத்தமாக இருக்கும். போன வருடம் எஃப்.டி.யைப் புதுப்பிக்க வங்கிக்குப் போன நாளில் மட்டும் இப்படி எழுதியிருக்கிறார்: "பேங்க் போனேன். 2 லட்சம். நல்ல திட்டம். இனி நிம்மதி."

எத்தனை வருடம், என்ன வட்டி, ஒன்றும் இல்லை. இத்தனைக்கும் 34 வருடம் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ரிட்டையர் ஆன மனுஷர்.

இந்த வருடம் "பிரீமியம் ரூ. 2,00,000 செலுத்தவும்" என்று மெசேஜ் வந்தபோதுதான் குட்டு உடைந்தது. அவர் கையெழுத்துப் போட்டது எஃப்.டி. அல்ல, யூலிப் பாலிசி; அதாவது கட்டும் பணத்தின் ஒரு பகுதியைச் சந்தையில் போடும் ஆயுள் காப்பீடு. வருடம் 2 லட்சம், 10 வருடம் கட்ட வேண்டும். அப்பாவுக்கு வயது 61.

வங்கியில் இதை விற்ற தம்பி என்னதான் சொன்னார் என்று அப்பாவை உட்காரவைத்துக் கேட்டேன். ஏசி ரூம், காபி, வாய்க்கு வாய் "அப்பா". "ஓடி ஓடி உழைச்சுட்டீங்கப்பா, இனிமே உங்க பணம் உங்களுக்காக உழைக்கட்டும்." "இது பேரப்பிள்ளைங்களுக்கு உங்க ஆசீர்வாதம்பா." நடுவில் அப்பா ஒருமுறை, "வட்டி எவ்வளவு தம்பி?" என்று கேட்டிருக்கிறார். "எஃப்.டி. மாதிரிதான், அதைவிட பெட்டர். நீங்க கவலையே படாதீங்க" என்று பதில். எண்ணைக் கேட்டவருக்கு ஆறுதல் கிடைத்திருக்கிறது. அதற்கு மேல் கேட்க அவருக்குக் கூச்சம். பிள்ளை மாதிரி பேசுகிறவனிடம் கந்துவட்டிக்காரன் மாதிரி கேட்பதா என்று.

புகார் எழுத உட்கார்ந்தபோதுதான் இதன் சாமர்த்தியம் புரிந்தது. என்ன பொய் சொன்னார்கள் என்று எழுத வேண்டுமே! "ஆசீர்வாதம் என்றார்கள்" என்றா எழுதுவது? அவ்வளவு பேச்சில் சரிபார்க்கக்கூடியது "எஃப்.டி. மாதிரிதான்" ஒன்றுதான். அதுவும் வாய்வார்த்தை. பிறகு காப்பீட்டு நிறுவனத்திலிருந்து வந்த சரிபார்ப்பு போனுக்கும், "எல்லாத்துக்கும் ஆமான்னு சொல்லிடுங்கப்பா" என்று அந்தத் தம்பி முன்னாடியே சொல்லிக்கொடுத்திருக்கிறார். அந்தப் பதிவு இப்போது அவர்கள் கையில்.

எண்கள் இல்லாமலும் இல்லை. பாலிசியோடு வந்த விளக்கத்தாளில் 4%, 8% என்று இரண்டு கட்டங்கள். இரண்டுமே அனுமானக் கணக்கு, உத்தரவாதம் இல்லை என்று கீழேயே அச்சடித்திருக்கிறது. 8% கட்டத்தைச் சுற்றி நீலப் பேனாவில் ஒரு வட்டம். அப்பா எழுதுவது கறுப்பு மையில் மட்டும்.

பாலிசி கைக்கு வந்து 30 நாளுக்குள் எழுதிக் கொடுத்திருந்தால் சிறு பிடித்தம் போகப் பணத்தைத் திரும்ப வாங்கியிருக்கலாம். நாங்கள் அந்த உறையைப் பிரிக்கவே இல்லை. இனி கட்டாமல் விட்டாலும், பிடித்தம் போக மிச்சம், பாலிசி தொடங்கி 5 வருடம் முடிந்த பிறகுதான் வரும். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பெயரில் வங்கி மூலமாக ஏதாவது உறை வந்திருந்தால் இன்றைக்கே பிரித்துப் பாருங்கள். "பிரீமியம்" என்ற சொல் கண்ணில் பட்டால் அது எஃப்.டி. இல்லை.

காப்பீட்டு நிறுவனத்துக்குப் புகார் அனுப்பினோம். ஒன்றரைப் பக்கத்துக்குப் பதில் வந்தது. "தங்கள் நம்பிக்கையே எங்கள் பலம்", "தங்கள் குடும்பத்தின் நலனில் என்றும் அக்கறையுடன்." அப்பா கறுப்புப் பேனாவை எடுத்து அதில் உள்ள எண்களை மட்டும் வட்டமிட்டார். தேதி, பாலிசி எண். வேறு எதுவும் தேறவில்லை.

அந்தக் கடிதத்தையும் இணைத்து, சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு மனு போட்டிருக்கிறோம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். நிறுவனம் மறுத்த ஒரு வருடத்துக்குள் போட வேண்டும். மனு அனுப்பிய அன்று அப்பா நோட்டில் எழுதியது: "ரிஜிஸ்டர் தபால். 11.40 மணி. ரசீது பீரோவில்."