பொக்கற்றில இடம் ஒண்டு, கத்தி ரெண்டு: ஒப்பினெலா விக்டோரினொக்ஸா

அப்பாட்ட ஒரு வில்லுக்கத்தி இருந்தது, பித்தளைப் பூண் போட்ட பிடி, தீட்டித் தீட்டி அலகு ஈர்க்கு மாதிரி வந்திட்டுது, ஆனா கூர் எண்டா அப்பிடி ஒரு கூர். அதாலதான் ஒருநாள் பெற்றோல் ஹோஸ் ஒண்டுக்குள்ள நுனியைக் குத்தித் திருப்பேக்க அலகு மடங்கி வந்து என்ர சுட்டுவிரலில இருந்தது. மூண்டு தையல். லொக் இல்லாத கத்தியால வெட்டலாம், குத்தக்கூடாது எண்டு அண்டைக்குப் படிச்சனான்.

எனக்கு வேலை போட் என்ஜின் திருத்துறது, திருகோணமலையில திருக்கடலூர் பக்கம். கத்தி இல்லாம அரை நாளும் ஓடாது. அப்பான்ர கத்தி கடலுக்க விழுந்த பிறகு ரவுணுக்குள்ள ஒரு கடையில சிவப்புக் கலர், வெள்ளைச் சிலுவை எல்லாம் போட்ட ஒண்டு வாங்கினன், ரெண்டாம் கிழமை ரின்மீன் உடைக்கேக்க வாய் மடிஞ்சுபோச்சு. பிறகுதான் பாத்தன், அலகின்ர அடியில ஒரு எழுத்தும் இல்லை. அந்தச் சிவப்புச் சுவிஸ் கத்தி, உண்மையான விக்டோரினொக்ஸ் எண்டா பெரிய அலகின்ர அடியில பேர் பொறிச்சுக் கிடக்கும், வாங்க முதல் அதை விரிச்சுப் பாருங்கோ.

இந்தச் சோகத்தை வைபரில கொட்டினதுக்குப் பலன், அந்த ஓகஸ்ட் லீவுக்கு வந்த சூரிச் மாமா விக்டோரினொக்ஸில ஸ்பார்ட்டன் எண்ட மொடல் ஒண்டு கொண்டந்தார், அதே மாசம் பாரிஸில இருக்கிற பெரியம்மான்ர மகன் ஒப்பினெல் எட்டாம் நம்பர் ஒண்டைத் தந்திட்டுப் போனான். ஒரு வருசத்துக்கு மேல ரெண்டையும் மாறி மாறிக் கொண்டு திரிஞ்சு பாத்திட்டுத்தான் இதை எழுதுறன்.

ஒப்பினெல் எண்டது பிரான்சில சவோய் மலைப் பக்கத்துச் சாமான், 1890 இல தொடங்கினது. பீச் மரப் பிடி, அதுக்குள்ள மடங்கிற ஒரே ஒரு அலகு, கழுத்தில சுத்துற ஒரு வளையம், அவ்வளவுதான். அந்த வளையம் 1955 இல வந்தது, அலகை விரிச்சிட்டு வளையத்தைத் திருப்பினா அலகு திரும்பி மடங்காது. விரலில தையல் போட்டவனுக்கு அந்த வளையத்தின்ர அருமை தெரியும். எட்டாம் நம்பர்ல அலகு எட்டரை சென்ரிமீற்றர், சரியான மெல்லிசு. தக்காளியை அமத்தாம வெட்டும், மாங்காயைக் கடதாசி மாதிரிச் சீவும், தடிச்ச நைலோன் கயிறைக்கூட ரெண்டு இழுவையில எடுக்கும். மரப் பிடி கிறீஸ் கையிலயும் வழுக்காது. வெட்டுறது எண்ட ஒரு விசயத்தை மட்டும் பாத்தா ஸ்பார்ட்டன் கிட்டவும் நிக்க ஏலாது, நான் பொய் சொல்லேல்லை.

ஆனா இது திருகோணமலை. மூண்டு பக்கமும் உப்புக் காத்து, ஐப்பசியில தொடங்கினா தை வரைக்கும் வாடைக் காத்தும் மழையும். பெரியம்மான்ர மகன் கொண்டந்த ஒப்பினெல் கார்பன் அலகு, லேசாக் கறள் பிடிக்கிற இரும்பு. முதல் நாளே மாங்காய் வெட்டி உப்புத்தூள் தொட்டுச் சாப்பிட்டிட்டுச் சாரத்தில துடைச்சு மடக்கி வைச்சிட்டன், பின்னேரம் விரிச்சா அலகு முழுக்க ஒரு நீலக் கறுப்பு, மயில் கழுத்து மாதிரி. அது புளி பட்டு வாற நிறம், பிழையில்லை, கொஞ்சம் காவலும் கூட. பிழை பிறகு நான் விட்டது. போட்டுக்க ஒரு இரவு விட்டிட்டு வந்தன், விடியப் பாத்தா நுனியில இருந்து அரை அலகுக்கு மஞ்சள் கறள். கறளை உரஞ்சி எடுத்தாச்சு, எண்டாலும் குழி குழியா அடையாளம் கிடக்கு. கடல் வேலைக்கு இனொக்ஸ் எண்டு போட்டதைத்தான் எடுக்கோணும், அது லேசில கறள் பிடிக்காத இரும்பு. கார்பன் கல்லில லேசாக் கூராகும் எண்டு சொல்லுவினம், அது உண்மைதான், ஆனா கொழும்பில ஏசிக்குள்ள இருக்கிறவை சொல்லட்டும்.

மரம் அடுத்த கதை. மார்கழி மழைக்குப் பிடி ஊதி அலகை இறுக்கிப் பிடிச்சுக் கொள்ளும், நகம் உடைஞ்சாலும் வராது. அதுக்கு ஒரு வித்தை இருக்கு, பிடியின்ர பின் நுனியை மேசை விளிம்பில டக்கெண்டு ஒரு தட்டுத் தட்டினா அலகு கொஞ்சம் வெளியில எட்டிப் பாக்கும், பிறகு இழுக்கலாம். சவோய்க்காரர் அப்பிடித்தான் செய்யிறவையாம். நான் இப்ப பங்குனி வெயிலில நல்லாக் காயவிட்டு பிடியில அலகு மடங்கிற வெட்டுக்குள்ள மெழுகுதிரி உரஞ்சி வைக்கிறனான், பரவாயில்லை.

ஸ்பார்ட்டன்ர கதை வேற. அந்தக் கொம்பனி 1884 இல ஈபாக் எண்ட ஊரில கார்ல் எல்செனர் தொடங்கினது, 1891 இல சுவிஸ் ஆமிக்குக் கத்தி குடுத்தவை, இப்ப நாங்கள் சிவப்புக் கத்தி எண்டுறதின்ர மூதாதை 1897 இல பதிஞ்சது. ஒப்பினெல்காரர் கத்திக்கு நம்பர் போடத் தொடங்கினதும் அதே 1897 தான், ரெண்டு பேருக்கும் ராசியான வருசம் போல. மடிச்சா 91 மில்லிமீற்றர், பெரிய அலகு, சின்ன அலகு, ரின் உடைக்கிறது, சோடா மூடி திறக்கிறது, துளை போடுற ஊசி, தக்கை இழுக்கிற சுருள், ஒரு பல்லுக்குச்சி, ஒரு சின்னச் சாமணம்.

அந்தச் சுருளைப் பாத்து முதல் சிரிச்சனான், இங்க ஆர் வைன் போத்தல் திறக்கிறது. இப்ப அதுதான் கூடப் பாவிக்கிறது. உப்பில நனைஞ்சு இறுகின கயித்து முடிச்சுக்குள்ள அதைத் திருகி விட்டு மெல்ல ஆட்டினா முடிச்சு வாய் திறக்கும், பல்லால இழுக்கிற வேலை இல்லை. மூடி திறக்கிறதின்ர நுனி ஸ்க்ரூட்றைவர், அதின்ர அடியில ஒரு சின்னக் குடைவு இருக்கு, அதுக்க வயரை வைச்சு இழுத்தா மேல் றப்பர் உரியும். என்ஜின் மூடியைக் கழட்டிப்போட்டுக் கால் எண்ணெயில நிக்கேக்க பெட்டி வரைக்கும் போகாம பொக்கற்றிலயே இது கிடக்கிறது எவ்வளவு ஆறுதல். பாரை முள்ளு ஏறினா சாமணம். இரும்பு கறள் பிடிக்கிறதும் குறைவு, பின்னேரம் நல்ல தண்ணியில கழுவி விரிச்சு மடக்கி உதறிப்போட்டு மூட்டில தையல் மெசின் எண்ணெய் ஒரு துளி விட்டாக் காணும். தேங்காய் எண்ணெய் விடாதேங்கோ, நாள் போகப் பசை மாதிரிப் பிடிக்கும்.

குறை இல்லாம இல்லை. லொக் இல்லை, வில்லின்ர இறுக்கம் மட்டும்தான், அதால குத்துற வேலைக்கு நான் அதை எடுக்கிறதே இல்லை. நகம் வைக்கிற பள்ளம் ஒடுக்கம், கிறீஸ் கையோட விரிக்கிறது பெரிய பாடு. பிளாஸ்ரிக் பிடி வழுக்கும். அலகு கூர் போகும், ஆனா பீங்கான் கோப்பையைக் கவிட்டு அடி விளிம்பில பத்துத் தரம் இழுத்தா திரும்ப வந்திடும்.

இன்னொண்டையும் யோசிக்கோணும். ரீக்கடையில ஒப்பினெலை விரிச்சு வளையத்தைக் கிறிக் எண்டு திருப்பினா பக்கத்து மேசைக்காரர் கதையை நிப்பாட்டிப் பாப்பினம். ஸ்பார்ட்டனை எடுத்தா, தம்பி அந்தப் பல்லுக்குச்சியைக் காட்டும் எண்டு கேப்பினம். எங்கட ஊரில இது சின்ன வித்தியாசம் இல்லை. எது எண்டாலும் கோணேசர் கோயிலுக்குப் போற நாளில வீட்டில வைச்சிட்டுப் போறனான், கோட்டைக்குள்ளால போகோணும், வாசலில நிண்டு விளக்கம் சொல்லிக் கொண்டிருக்க ஏலாது.

அப்ப எது? பொக்கற்றுக்கு ஸ்பார்ட்டன், எனக்கு யோசனையே இல்லை. வெட்டுறதில ரெண்டாவதுதான், ஆனா என்ர நாளில வெட்டுறது பாதி, மிச்சம் கழட்டுறதும் உரிக்கிறதும் அவிக்கிறதும்… அவிழ்க்கிறது எண்டு எழுத வந்தனான், பசிக்குது போல. கயிறும் வலையும் மீனும் மட்டுமே வேலை எண்டா இனொக்ஸ் ஒப்பினெல் எடுங்கோ, விலையும் குறைவு. வெளிநாட்டில இருந்து ஆரும் கொண்டு வாறதெண்டா லக்கேஜில போடச் சொல்லுங்கோ, கைப்பையில வைச்சுக் கொண்டுவந்து எயாபோட்டில குடுத்திட்டு வந்த ஒரு சித்தப்பா எங்களுக்கு இருக்கிறார்.

கார்பன் ஒப்பினெல் இப்ப குசினியில. அம்மா அதாலதான் பிலாக்கொட்டைத் தோல் சீவுறா, வெங்காயம் வெட்டுறா, கழுவின உடன துடைச்சு அடுப்படித் தட்டில வைக்கிறா, கறள் எண்ட பேச்சே இல்லை. போன கிழமை ஹோஸ் வெட்ட ஒருக்காத் தாங்கோ எண்டு கேட்டன், தரேல்லை.